பத்து நிமிடத்தில் சரியான கை: இ.இ.ஜி. எதைச் சொல்லும், எம்.ஆர்.ஐ. எதைச் சொல்லும்?

மூளை, நரம்பு நோய்கள் குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் இப்பகுதியில் பதிலளித்து வருகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பல, சிறிது நேரமே நீடித்து மறைந்த பாதிப்புகளையும் அவற்றுக்காக எடுக்கப்பட்ட பரிசோதனைகளையும் பற்றியவை. ஆகவே பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி (வாசகி, காரைக்குடி): என் தந்தைக்கு வயது 66. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. சென்ற மாதம் ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கை துவண்டு தொங்கியது. சொல்ல வந்த வார்த்தை வாயில் வரவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மாலையில்தான் மருத்துவமனைக்குச் சென்றோம். சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள். மறுநாள் எடுத்த இ.இ.ஜி.யில் இடப்பக்கம் 'மெதுவான அலைகள்' இருப்பதாக எழுதியிருந்தது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அதே இடப்பக்கத்தில் ஒரு சிறு புள்ளி தெரிவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு வந்தது வலிப்பா, வாதமா? மூன்று பரிசோதனைகள் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

பதில்: மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிடமும் கேட்கப்பட்ட கேள்வி வேறு. அதனால் கிடைத்த விடையும் வேறு. கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு இந்த அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்று விளக்க முடியும்.

மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறு ரத்தக்கட்டு ஒன்று அடைக்கிறது. அந்தப் பகுதியின் வேலை நின்றுவிடுகிறது. கட்டு தானாகக் கரைந்து ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் வேலையும் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் டி.ஐ.ஏ. என்றும், பேச்சுவழக்கில் மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்கிறோம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கவனித்துக்கொள்ளும் பகுதி இடது பெருமூளையில் இருக்கிறது; வலது கையை இயக்குவதும் இடது பக்கமே. எனவே, வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனது என்று நீங்கள் சொன்னவுடனேயே, எந்தக் கருவியும் இல்லாமல், இடது பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் அதே பக்கத்தைக் காட்டியிருப்பது உங்கள் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகிறது.

சி.டி.யிடம் அவசரமாகக் கேட்கப்படும் கேள்வி, 'ரத்தக்கசிவு இருக்கிறதா?' என்பது. கசிவையும், மண்டையோட்டுக்கு அடியில் தேங்கிய ரத்தத்தையும், பெரிய கட்டிகளையும் அது சில நிமிடங்களில் காட்டிவிடும். ரத்தம் போகாமல் பாதிக்கப்பட்ட திசு முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. மிகச் சிறிய பாதிப்பு ஒருபோதும் தெரியாமலே போகலாம். ஆகவே 'சி.டி. நார்மல்' என்றால் கசிவு இல்லை என்று பொருளே தவிர, ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல.

இ.இ.ஜி. மூளையைப் படம் பிடிப்பதில்லை. மூளை எப்படி இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதை, தலைத்தோலின் மேல் கிடைக்கும் மிக நுண்ணிய மின்னழுத்த மாற்றங்களாகப் பதிவு செய்கிறது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் சில பத்துப் பங்குகள்தான் அந்த அலையின் அளவு. விழித்திருக்கும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருக்கும்போது, பின்தலைப் பக்கம் நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் ஆல்ஃபா அலைகள் தெரியும். ஒரு பகுதிக்கு ரத்தம் குறைந்தால் அங்கு வேகமான அலைகள் மங்கி, நொடிக்கு நான்குக்கும் குறைவான டெல்டா அலைகள் தலைகாட்டும். அறிக்கையில் உள்ள 'மெதுவான அலைகள்' இவைதான். அந்த இடம் சரியாக வேலை செய்யவில்லை என்பதை அவை சொல்லும். ஏன் வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லா. ரத்தத்தடை, வலிப்புக்குப் பிந்தைய களைப்பு, ஒற்றைத் தலைவலி, கட்டி என எதற்குப் பின்னும் அவை வரலாம். வலிப்பைச் சுட்டுபவை ஈட்டிமுனை போல் சட்டென்று எழுந்து விழும் கூர் அலைகள். உங்கள் தந்தையின் அறிக்கையில் அவை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் பல வகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் இங்கே முக்கியமானது நீர்ப்பரவல் படம், அறிக்கைகளில் டி.டபிள்யூ.ஐ. என்று இருக்கும். செல்லுக்குச் சக்தி கிடைக்காதபோது உப்பை வெளியேற்றும் இறைப்பு நின்று, நீர் உள்ளே புகுந்து, அசைய இடமின்றிச் சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய நீர் இந்தப் படத்தில் வெண்மையாக ஒளிரும். 1990ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளிடம் செய்த ஆய்வில், ரத்தக்குழாயை அடைத்து ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இந்த ஒளிர்வு தெரிந்தது, மற்ற எம்.ஆர்.ஐ. படங்கள் அப்போது ஒன்றும் காட்டவில்லை. மனிதர்களிடமும் அப்படியே என்பது பின்னர் உறுதியானது. இந்தப் படத்தை எடுக்க ஓரிரு நிமிடங்களே ஆகும்.

இந்தக் கண்டுபிடிப்பு நோயின் வரையறையையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் 24 மணி நேரத்துக்குள் குணமானால் டி.ஐ.ஏ., நீடித்தால் பக்கவாதம் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். நன்றாகக் குணமாகி நடந்து வருபவர்களுக்கு நீர்ப்பரவல் படம் எடுத்தபோது, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மூளையில் புதிய காயம் இருந்தது. ஆகவே 2009இல் அமெரிக்க இதயச் சங்கம், நேரத்தைக் கைவிட்டு, திசு மடியாமல் இருந்தால் மட்டுமே டி.ஐ.ஏ. என்று வரையறுத்தது. அந்தக் கணக்கின்படி, அந்தப் புள்ளி நீர்ப்பரவல் படத்தில் ஒளிர்ந்த புதிய புள்ளியாக இருந்தால், உங்கள் தந்தைக்கு வந்தது பத்து நிமிடத்தில் குணமான சிறு பக்கவாதம். வலிப்பு நீண்ட நேரம் நீடித்தாலும் இந்தப் படம் ஒளிரக்கூடும்; ஆனால் அது பெரும்பாலும் மூளையின் மேற்பட்டையை ஒட்டி நாடா போல் ஓடும். ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் புள்ளியாக நிற்பது அதற்கு வழக்கமில்லை.

மாலைவரை காத்திருந்தீர்கள் என்று படித்தபோது மனம் கனத்தது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. கை சரியாகிவிட்டதே என்று எல்லோரும் நிம்மதியடைவது இயல்பு. ஆனால் அந்த நிம்மதிதான் இந்த நோயில் ஆபத்தானது. கலிஃபோர்னியாவில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வில், டி.ஐ.ஏ. வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களிலேயே வந்துவிட்டது. மறுபக்கம், ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தாமதமின்றிப் பரிசோதித்து அன்றே மருந்து தொடங்கியபோது, 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் வருவது நூற்றுக்கு 10.3இலிருந்து 2.1ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கழுத்து மட்டும் போதாது. மண்டைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்குவது, இந்தியர்கள் உள்ளிட்ட ஆசியர்களிடம் மேலை நாட்டவரைவிட அதிகம். கழுத்தில் வைத்துப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அதைக் காட்டாது, ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஏ. அல்லது சி.டி. ஆஞ்சியோ வேண்டும். பாதிப்புக்குக் காரணமான கழுத்துக் குழாய் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைபட்டிருந்தால், இரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்வதில்தான் பலன் அதிகம். உங்களுக்கு அந்தக் காலம் கடந்திருக்கலாம் என்றாலும் பலன் முற்றிலும் போய்விடாது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறதா என்று ஒரே ஒரு ஈ.சி.ஜி.யோடு நிறுத்தாமல், ஒருநாள் முழுவதும் அணிந்திருக்கும் ஹோல்டர் கருவியாலும் பார்க்க வேண்டும். முதல் 21 நாட்களுக்கு, ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அவற்றில் ஒன்றை நிறுத்தும் நாள் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): என் அம்மாவுக்கு (59) இடது காலும் கையும் இருபது நிமிடம் மரத்துப் பலமிழந்து சரியாயின. அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து 'நார்மல்' என்றார்கள், ஆனாலும் டி.ஐ.ஏ. என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இ.இ.ஜி. எடுக்கவே இல்லை. உறவினர்கள் அதையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்க வேண்டுமா? படம் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு?

பதில்: மாத்திரையைத் தொடருங்கள். டி.ஐ.ஏ. என்றாலே திசு மடியவில்லை என்று பொருள். ஆகவே நீர்ப்பரவல் படம் வெறுமையாக இருப்பது அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிறதே தவிர அதை மறுக்கவில்லை. மேலும், உண்மையான பக்கவாதத்திலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு முதல் படம் வெறுமையாக இருக்கும். பின்மூளையிலும் மூளைத்தண்டிலும் ஏற்படும் பாதிப்பில் இது கூடுதல். வயது, ரத்த அழுத்தம், எந்த அறிகுறி வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, சர்க்கரை உண்டா ஆகிய ஐந்தையும் வைத்து மருத்துவர்கள் 7 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் அம்மாவின் ஒருபக்கப் பலவீனத்துக்கு 2, இருபது நிமிடத்துக்கு 1. மற்ற மூன்றுக்கும் எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண் குறைவு என்பதற்காக ரத்தக்குழாய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இ.இ.ஜி. எல்லோருக்கும் தேவையில்லை, அதை எடுக்காதது உங்கள் மருத்துவரின் தவறும் அல்ல. ரத்த ஓட்டம் திரும்பியதும் அலைகளும் பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடுகின்றன. மூளையின் ஆழத்தில் ஏற்படும் சிறு அடைப்புகள் மேலே உள்ள அலைகளைத் தொடுவதே இல்லை. அதனால் நார்மலான இ.இ.ஜி. டி.ஐ.ஏ. இல்லை என்று காட்டாது. அதைப் போலவே, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாகவே வரும்.

எப்போது அவசியம் என்றால், வந்தது வலிப்போ என்ற நியாயமான ஐயம் எழும்போது. கை பலமிழப்பதற்கு முன் துடித்ததா, நினைவு தப்பியதா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா, ஒரே மாதிரியான நிகழ்வு அச்சு மாறாமல் பலமுறை வந்ததா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தால் இ.இ.ஜி. கேட்பேன். வலிப்புக்குப் பிறகு சில மணி நேரம் கை செயலற்றுக் கிடப்பதுண்டு; அதைப் பக்கவாதம் என்று எண்ணுவது எளிது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு, டி.ஐ.ஏ.வை வலிப்பு என்று எண்ணிவிடுவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். கயிற்றுக்கட்டிலிலிருந்து எழுந்து நின்றால் போதும், இடது கை ஒரு நிமிடம் தாறுமாறாக உதறும், உட்கார்ந்தால் நின்றுவிடும். எட்டு மாதமாக வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. உதறும்போதே இ.இ.ஜி. எடுத்தோம். வலிப்பு அலை ஒன்றுகூட இல்லை. வலது பக்கம் மெதுவான அலைகள் மட்டும் இருந்தன. கழுத்தின் வலது பெருந்தமனி ஏறக்குறைய முழுதும் அடைத்திருந்தது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சற்று இறங்க, அந்தச் சிறு இறக்கத்தைக்கூட அவரது மூளையால் தாங்க முடியவில்லை. கை உதறும் டி.ஐ.ஏ. எனப்படும் இதை 1962இல் நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் விவரித்தார். இவர்களுக்கு ரத்த அழுத்தத்தை வேகமாகக் குறைத்தால் பக்கவாதத்தை நாமே வரவழைத்ததாகிவிடும். உங்கள் அம்மாவுக்கு இவற்றில் எதுவும் இல்லையென்றால் இ.இ.ஜி.க்குச் செலவிடும் பணத்தை ரத்தக்குழாய்ப் படத்துக்குச் செலவிடுங்கள்.

எடுக்க நேர்ந்தால், முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் செல்லச் சொல்லுங்கள். தலையை அளந்து குறித்து, பசை தடவி, காதுகளையும் சேர்த்து 21 இடங்களில் மின்வாய்களை ஒட்டுவார்கள். எண்ணெய் இருந்தால் அவை நிற்காது. வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

கேள்வி (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்): ரத்தம் குறைந்தால் மூளை அலைகள் சில நொடிகளில் மாறும் என்று படித்தேன். அப்படியானால் பெரிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குப் பதிலாக, ஆம்புலன்சிலேயே இ.இ.ஜி. எடுத்து டி.ஐ.ஏ.வைக் கண்டுபிடித்துவிடலாமே?

பதில்: நீங்கள் படித்தது உண்மை. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, அலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு எண்களாகவே அளக்கப்பட்டது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் ரத்தம் போகிறது. அது 25 அளவுக்கு இறங்கும்போது வேகமான அலைகள் தேயத் தொடங்கும்; 15 அளவில் அலைகள் ஏறக்குறைய அடங்கிப்போகும்; 10க்கும் கீழே நீடித்தால்தான் செல் மடியும். 1970களில் லண்டனில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளிடம் இந்த இடைவெளியைக் காட்டினார்கள். மின்சாரம் நின்றுவிட்ட, ஆனால் உயிர் இன்னும் போகாத அந்தத் திசுவுக்கு, கிரகணத்தில் சொல்வது போலப் புறநிழல் என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் புறநிழலில் சில நிமிடங்கள் நின்றுவிட்டு வெளியே வந்த மூளைப் பகுதிதான் டி.ஐ.ஏ. வந்தவரின் மூளைப் பகுதி.

கழுத்துத் தமனி அறுவை சிகிச்சையில் இதை நேரில் பார்க்கலாம். அறுவை நிபுணர் தமனியைக் கவ்வியால் இறுக்கும் முன் எல்லோர் கண்ணும் இ.இ.ஜி. திரையில் இருக்கும். இறுக்கியதும், எதிர்ப்பக்கத்திலிருந்து போதிய ரத்தம் வந்தால் இருபக்க அலைகளும் அப்படியே ஓடும். வராவிட்டால் அரை நிமிடத்துக்குள் ஒரு பக்கத்தின் நெருக்கமான கோடுகள் தளர்ந்து, அகன்ற அலைகளாகிச் சரியும். உடனே ஒரு சிறு குழாயைச் செருகி ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடுவார்கள். கோடுகள் மீண்டும் நெருங்கும்.

ஆனால் அங்கே தடை ஏற்படும்போதே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டி.ஐ.ஏ. வந்தவர் ஆம்புலன்சில் ஏறுவதற்குள் தடை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அலை திரும்பிவிட்டது, சாட்சி போய்விட்டது. இருபக்க அலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும், டெல்டாவுக்கும் ஆல்ஃபாவுக்கும் உள்ள விகிதத்தையும் கணினியால் அளந்து, கண்ணுக்குத் தப்பும் மாற்றத்தைப் பிடிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நெதர்லாந்தில் பசை தேவைப்படாத உலர் மின்வாய்த் தொப்பியை ஆம்புலன்சில் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் தேடியது இன்னும் நீங்காத பெரிய அடைப்பை. உங்கள் துறைக்கு இதில் செய்ய நிறைய இருக்கிறது. ஓடும் வண்டியில் தாடைத் தசையின் அசைவும் வண்டியின் அதிர்வும் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதை வடிகட்டுவதே முதல் வேலை.

கேள்வி (வாசகி, புதுச்சேரி): 78 வயதான என் பாட்டிக்கு, விரல் நுனியில் தொடங்கும் குறுகுறுப்பு மெல்ல ஊர்ந்து கை வழியாக உதடு வரை வரும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். இதுவரை நான்கு முறை. மினி ஸ்ட்ரோக் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவருகிறோம். சரியா?

பதில்: பாட்டியை இன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று கேளுங்கள். டி.ஐ.ஏ. திடீரென்று எல்லா இடத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கும். ஊர்ந்து பரவுவதும், அதே மாதிரி திரும்பத் திரும்ப வருவதும் அதன் வழக்கம் அல்ல. முதியவர்களுக்கு மூளையின் சிறு ரத்தக்குழாய்ச் சுவர்களில் அமிலாய்ட் என்னும் புரதம் படிந்து, மேற்பரப்பில் துளித்துளியாக ரத்தம் கசிவதுண்டு. அது இப்படியும் வெளிப்படலாம். அவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் பெரிய ரத்தக்கசிவு நேரலாம். சாதாரண சி.டி.யில் அது பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற தனி வகைப் படத்தில் பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து கரிக்கோடு இழுத்ததுபோல் தெரியும். வலிப்பும் இப்படி ஊர்ந்து வரக்கூடும் என்பதால் இங்கே இ.இ.ஜி.யும் தேவை. மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் வாங்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பதற்குப் பாட்டியைப் போன்றவர்களே காரணம்.

கேள்வி (ஆசிரியை, ஈரோடு): என் கணவர் (61) ஒருநாள் மதியம் 'நாம் எப்போது இங்கே வந்தோம்?' என்று ஐந்து மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னை அடையாளம் தெரிந்தது, கைகால் நன்றாக இருந்தது. இதுவும் டி.ஐ.ஏ.வா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தற்காலிக முழு மறதி என்ற தனி நோய் இது. ஒருமுறை வந்து போனால் பலருக்கு மீண்டும் வருவதில்லை. நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், நீர்ப்பரவல் படத்தில் குண்டூசித் தலை அளவு வெண்புள்ளி தெரியும். ஆனால் அன்றே எடுத்தால் தெரியாமல் போகலாம். ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்து எடுத்தால்தான் நன்றாகத் தெரியும். மறதி ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்து, அடிக்கடி வந்தால், குறிப்பாகத் தூங்கி எழும்போது வந்தால், வலிப்பா என்று பார்க்கத் தூக்கத்திலும் இ.இ.ஜி. எடுக்க வேண்டும்.

கேள்வி (வாசகி, சேலம்): என் மகளுக்கு எட்டு வயது. தேம்பித் தேம்பி அழுதால் இடது கை சில நிமிடம் தொங்கிவிடுகிறது. பிறந்தநாளில் பலூன் ஊதியபோதும் அப்படி ஆனது. பிடிவாதத்தால் நடிக்கிறாள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். வலிப்பாக இருக்கலாம் என்று இ.இ.ஜி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் எடுக்கப் போகிறோம்.

பதில்: அம்மா, உங்கள் மகள் நடிக்கவில்லை. இந்த இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். மற்ற பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அழுகையும் பலூன் ஊதுவதும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. குழந்தை வேக வேகமாக, ஆழமாக மூச்சு விடுகிறாள். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நல்ல குழாய்கள் உள்ள குழந்தைக்கு இதனால் லேசான கிறுகிறுப்பு வரும், அவ்வளவே. மூளைக்குப் போகும் பெருந்தமனிகள் ஏற்கெனவே குறுகிப்போன குழந்தைக்கு அந்தச் சிறு சுருக்கமே ஒரு பக்கத்தை நிறுத்திவிடும். சூடான உணவை ஊதி ஊதிச் சாப்பிடும்போதும், குழல் வாசிக்கும்போதும் இப்படி ஆன குழந்தைகள் உண்டு. இந்த வகையில் முதலில் நினைக்க வேண்டிய நோய் மொயாமொயா. தமனி அடைந்துகொண்டே வர, அதற்கு ஈடுகட்ட நூலிழை போன்ற குழாய்கள் ஏராளமாக முளைக்கின்றன. ஆஞ்சியோ படத்தில் அது ஊதிவிட்ட புகை போலத் தெரிந்ததால், 1969இல் ஜப்பானில் சுஸுகியும் டகாகுவும் புகைமூட்டத்தைக் குறிக்கும் அந்த ஜப்பானியச் சொல்லையே பெயராக வைத்தார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் கூடுதல் என்றாலும் நம் ஊர்க் குழந்தைகளிடமும் நாங்கள் பார்க்கிறோம்.

இந்த நோயில் இ.இ.ஜி. மிகத் தெளிவான ஓர் அடையாளத்தைக் காட்டும். வழக்கமான இ.இ.ஜி.யில் குழந்தையை மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள்; சிறு குழந்தை என்றால் காகிதக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுத்து, சுற்றச் சுற்ற ஊதச் சொல்வார்கள். அப்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு மெதுவான அலைகள் பெருகும். ஊதுவதை நிறுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மொயாமொயா உள்ள குழந்தைக்கு அவை அடங்கிய பிறகு, குழந்தை அமைதியாக இருக்கும்போதே, மறுபடியும் எழும். நின்றபின் மீண்டும் எழும் இந்த இரண்டாம் அலைக்கூட்டத்தைப் பார்த்தே நோயைச் சந்தேகித்தவர்கள் உண்டு.

ஆனால் அந்த அடையாளத்தைத் தேடி உங்கள் மகளை ஊத வைக்கக் கூடாது. எந்தச் செயல் அவள் கையை நிறுத்துகிறதோ, அதையே பரிசோதனை அறையில் மூன்று நிமிடம் செய்ய வைப்பது பக்கவாதத்தை வரவழைக்கக்கூடும். அண்மையில் டி.ஐ.ஏ. அல்லது பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் இந்த மூச்சுப் பகுதி தவிர்க்கப்படுகிறது. அவளுக்கு முதலில் தேவை எம்.ஆர்.ஐ.யும், அதோடு மண்டைக்குள் ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஏ.வும். எம்.ஆர்.ஐ.க்காக மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், வெறும் வயிற்றில் நெடுநேரம் காத்திருக்க வைக்காமல், நரம்பு வழியாக நீர் ஏற்றச் சொல்லுங்கள். உடலில் நீர் குறைவது இந்நோயில் ஆபத்து. நோய் உறுதியானால், தலைத்தோலுக்குப் போகும் தமனியை மூளையோடு இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. குழந்தைகளிடம் அது நல்ல பலன் தருகிறது.

அதுவரை அவளை அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலூனும் குழலும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். கை தொங்கினால் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108ஐ அழையுங்கள். பிறகு சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்த வாரம் இ.இ.ஜி. அறைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், பசை தடவத் தொடங்கும் முன்பே, அழுதால் கை தொங்கும் குழந்தை இவள், காற்றாடி கொடுக்க வேண்டாம் என்று அங்குள்ளவரிடம் சொல்லி, பரிசோதனைச் சீட்டின் மேல் அதை எழுதவும் சொல்லுங்கள்.